செயினுக்குப் பூசிய மீனெண்ணெய்

பனிமய மாதா துணை

என் மகன் ரெக்சனுக்கு அம்மா அந்தோணியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் பெண்டாட்டி விஜிலாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உடம்புக்குச் சுகம்தான், மற்றது உனக்கே தெரியும். நீ அந்தக் கப்பலில் நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்காத நாளில்லை. போனில் உன் முகம் தெரிவதற்குள் லைன் கட்டாகிப் போகிறது, அதனால்தான் கப்பல்காரர்களைப் பார்க்க உன் கப்பல் நிற்கிற துறைமுகத்துக்குப் போகிற ஃபாதர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கம்பெனிக்காரன் உங்களைக் கப்பலோடு நட்டாற்றில் விட்டுவிட்டான், கரையில் இறங்கவும் விடாமல் ஊருக்கு அனுப்பவும் ஆளில்லாமல் நீங்கள் அங்கே கிடக்கிறீர்கள். இங்கே நாங்கள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. உன்னை ஏற்றிவிட்ட ஏஜெண்டின் கடை பூட்டிக் கிடக்கிறது. கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டு மேலே அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள், அந்த மேலே என்பது எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை, தெரிந்தால் நடந்தாவது போயிருப்பேன். பெற்ற பிள்ளையைக் கூட்டி வர வழி தெரியாமல் வேளாவேளைக்குப் பொங்கித் தின்றுகொண்டு இருக்கிறோம்.

போன தடவை பேசும்போது நீ வண்டியை விற்றுவிடுங்கள், இனி எனக்கு எதற்கு என்று சொன்னாய். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு உன் பைக்கைப் பிடித்தவர்தான், இன்னும் விடவில்லை. அவருக்கு எந்தக் கடலிலும் வள்ளம் விடத் தெரியும், பைக் ஓட்டத் தெரியாது. ஆத்தூருக்கும் புதுக்கோட்டைக்கும் மீன் பெட்டியோடு ஓடி ஓடி நீ மீட்டரை லட்சத்துக்கு மேல் கொண்டுபோன வண்டி, நீ போன பிறகு உப்புக்காற்றில் நின்று செயின் முழுக்கத் துருப்பிடித்திருந்தது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, வள்ளத்துப் பலகைக்குப் பூச வைத்திருந்த மீனெண்ணெயை எடுத்துச் செயின் முழுக்கத் தடவிவிட்டார். உப்புக்கு இதைவிட மருந்து கிடையாதாம், எனக்குப் பாடம் வேறு. விடிந்து பார்த்தால் தெருவில் இருக்கிற பூனை எல்லாம் வண்டியைச் சுற்றி நிற்கிறது, ஒன்று செயினை நக்கிக்கொண்டிருக்கிறது. விஜிலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ மாட்டிக்கொண்ட பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு முகம் கழுவுகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த எண்ணெயில் கடற்கரை மணல் வந்து அப்பி, செயின் மாவில் புரட்டிய மீன் மாதிரி ஆகிவிட்டது. தெருமுனை ஒர்க்‌ஷாப் தேவமணி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். வள்ளத்துக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் பழைய பிரஷ்ஷை முக்கிக் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக கியர் ஆயில் விட வேண்டும், மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும் என்றான். அப்பா அதற்குள் செயினை நங்கூரக் கயிறு மாதிரி விறைப்பாக இழுத்துப் பூட்டியும் வைத்திருந்தார். நடுவில் அழுத்தினால் இரண்டு விரல் அளவு இறங்க வேண்டும் மாமா, இல்லையென்றால் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அறுந்துவிடும் என்று அவன் தளர்த்திக் கொடுத்தான். பின்சக்கரத்துப் பல்லும் சுறாப்பல் மாதிரி வளைந்துவிட்டதாம். செயினோடு முன்னும் பின்னும் உள்ள பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், புதுச் செயினை மட்டும் போட்டால் பழைய பல் அதையும் தின்றுவிடும் என்றான். அதை ரெக்சன் வந்து மாற்றிக்கொள்வான் என்று அப்பா சொல்லிவிட்டார். தேவமணி என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

இப்போது சனிக்கிழமை தோறும் சாயங்காலப் பூசைக்குப் போகும் முன்னால் வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணெய் விடுகிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆள் ஏறாத வண்டிக்கு எதற்கு வாராவாரம் இந்தச் சீராட்டு என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஓடாமக் கெடந்தாத்தாம்ளா துரு ஏறும்” என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை மக்களே.

நீயும் அங்கே கிடந்த இடத்திலேயே கிடக்காதே. எழுந்து குளி, சவரம் செய், டெக்கில் நாலு சுற்று நட, கூட இருக்கிற பிள்ளைகளோடு பேசு. இதைச் சொல்வதைத் தவிர உன் அம்மாவால் வேறு ஒன்றும் முடியவில்லை. வண்டியை விற்கச் சொன்ன பேச்சை மட்டும் இனி எடுக்காதே. மாதா உன்னைக் கையைப் பிடித்துக் கரையேற்றுவாள், நீயும் உன்னோடு இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் சுகமாக வீடு வந்து சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. மீனெண்ணெய் விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், நான் எழுதிவிட்டேன். சிக்னல் கிடைக்கிற அன்று அவருக்குப் போன் போட்டு, என் செயினை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று நன்றாகத் திட்டு. வேறு ஒன்றும் பேச வேண்டாம், அவருக்கு அது போதும்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
ஹெ. அந்தோணியம்மாள்