உதைத்தாலும் நகராத ஸ்கூட்டர்

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் மானம் போயிற்று. மார்க்கெட் வாசலில் கிக்கரை உதைத்து உதைத்து என் கால்தான் சூடானது. ஒருவழியாக ஸ்டார்ட் ஆனது. கியர் போட்டால் எஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பக்கத்து குவார்ட்டர்ஸ் தனபாக்கியம் அக்காதான் வீடு வரை தள்ளினாள். "அம்சா, இது ஸ்கூட்டரா, சாமித் தேரா? வடம் புடிச்சாதான் வருமாட்டம் இருக்குது."

பதினெட்டாம் தேதி லைசென்ஸ் டெஸ்ட். போன தடவை எட்டு போடும்போது காலை ஊன்றி ஃபெயில். எல்.எல்.ஆர். இந்த மாதத்தோடு காலாவதி. இதையும் விட்டால் பழையபடி கத்திரிக்காய் வாங்கக்கூட வீட்டுக்காரர் செங்குட்டுவனின் ஷிப்ட்டைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான். (பெயரை எழுதிவிட்டேன். என் டைரி, யார் கேட்பது?)

ஜூன் 5, வியாழன்
அவரே வண்டியைப் பார்த்தார். மைன்ஸில் கன்வேயர் மெயின்டனன்ஸ், பர்மனென்ட். மலை மாதிரி மிஷினையெல்லாம் பிரித்து மாட்டுகிறவர். குனிந்து ஏதோ நோண்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி சொன்னார்: "கிராங்க் போயிடுச்சு. எஞ்சினை எறக்கணும். சாமான் மெட்ராஸ்லதான் கெடைக்கும், மாசக்கணக்காவும். உனக்கு எங்க போவணும் சொல்லு, நான் இட்டுகினு போறேன்."

நல்ல வைத்தியம். அவர் தொடுவதற்கு முன்னால் பத்து உதைக்கு ஒரு தடவையாவது இருமியது. இப்போது மூச்சே இல்லை. கிக்கர் லொட்டென்று கீழே போகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 7, சனி
பக்ரீத். மந்தாரக்குப்பம் மெக்கானிக் ஹிதாயத்துல்லா பாய் கடை லீவு. பண்டிகை நாளில் போன் போட்டு கிராங்க்கைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்
அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போனதும் பாய்க்குப் போன் போட்டேன். "வண்டியை அப்புறம் கொண்டாங்க, மொதல்ல கியர்ல போட்டுத் தள்ளிப் பாருங்க. எஞ்சின் கூடவே சுத்துனா கிக்கர்லதான் கோளாறு."

அக்கா தள்ளினாள். வண்டி ஜாலியாக உருண்டது. எஞ்சின் அசையவில்லை.

"அப்போ கிக்கரும் நல்லா இருக்குது, கிராங்கும் நல்லா இருக்குது. கிளட்ச்சுதான் புடிக்கல. கிளட்ச் லீவர்ல கொஞ்சம் ஆட்டம் இருக்குதா?"

எங்கே ஆட்டம்? துணி காயப்போடும் கொடி மாதிரி கேபிள் விறைத்துக்கொண்டு நிற்கிறது. சொன்னேன். பாய்க்குப் புரிந்துவிட்டது. "அதான் கிளட்ச்சைப் புடிக்க விடாம இழுத்துகிட்டு இருக்குது. நாளாவ நாளாவ கேபிள் தொய்யுங்கம்மா. தானா இறுகாது. யாரோ திருகியிருக்காங்க."

யாரோ.

இந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிற 'யாரோ' ஒருத்தர்தான்.

பாய் சொல்லச் சொல்ல, எஞ்சின் பக்கத்துத் திருகை நானே தளர்த்தினேன். ஒரே உதை. ஸ்டார்ட். பிளாக் கோடி வரை ஓட்டிவிட்டு வந்து, இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. கெட்ட வார்த்தைதான் முதலில்.

ஜூன் 10, செவ்வாய்
கேட்கவில்லை. சாம்பாரில் உப்பே போடாமல் ஊற்றினேன். "நல்லா இருக்குது" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். சந்தேகமே இல்லை, இந்த ஆள்தான்.

ஜூன் 11, புதன்
கேட்டுவிட்டேன். "ஏங்க, கேபிளை எதுக்குங்க முறுக்குனீங்க?"

பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "லைசென்ஸ் வந்துட்டா நீ பாட்டுக்குப் போயிடுவ. ஷிப்ட் முடிஞ்சு வந்து உன்ன எங்கனா இட்டுகினு போறது ஒண்ணுதான் எனக்கு. அதுவும் இல்லன்னா இந்த வூட்ல நான் எதுக்கு?"

அடப்பாவி மனுஷா. இதை வாயால சொன்னா என்ன, ஸ்பேனராலதான் சொல்லணுமா? நடுரோட்டுல என்னை உதைக்க விட்டு வேடிக்கை பாத்தியே — கோவம் இன்னும் போகல. பாவமாவும் இருக்குது. ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்? வருதே.

"இனிமே என் வண்டியத் தொடாதீங்க" என்றேன். தலையாட்டினார்.

ஜூன் 18, புதன்
எட்டு போட்டேன். கால் ஊன்றவில்லை. பாஸ்.
அவர் காம்பவுண்டுக்கு வெளியே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார். நான் ஜெயிக்கணும் என்றா, தோற்கணும் என்றா? கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்
அவருடைய பைக் சர்வீஸில். காலை ஷிப்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். மைன்ஸ் கேட்டில் எல்லாரும் பார்த்தார்கள். இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரெண்டு மணிக்கு வந்துடு" என்றார்.

பண்ருட்டிக்குப் போனேன். நானே. பலாப்பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைக்காரரோடு ஆசை தீரச் சண்டை போட்டு, ஒன்றை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட்டுக்கு வரும்போது மணி மூன்று. எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அவர் மட்டும் சாப்பாட்டுத் தூக்கோடு வெயிலில் நின்றார்.

"ரொம்ப நேரமாச்சுங்களா?"

"இல்ல. இப்பதான் வந்தேன்" என்றார். பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.