பின் டயரும் சுதாவின் நகமும்

மார்கழி, ஞாயிறு இரவு

பழுகாமத்திலிருந்து திரும்பும்போது, மழை விட்ட வளைவில் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றது. வந்த வழியையே பார்த்தபடி கார் நின்றது. நான் வேகமாகவும் ஓட்டவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி சுதா இனி இதில் ஏறமாட்டாள் என்று நினைத்தேன்.

போன கிழமைதான் இரண்டு புது டயர் வாங்கி முன்னுக்குப் போட்டேன். ஆட்டோ ஓட்டிய காலத்துப் பழக்கம், நல்ல டயர் எப்போதும் முன் சில்லுக்குத்தான். பின் டயர்கள் பத்து வருடப் பழசு. ஆனால் கார் அதிகம் ஓடாததால் அவற்றின் பள்ளக் கோடுகள் தேயவேயில்லை. பிறகு ஏன் வழுக்கியது?

வீட்டுக்கு வந்ததும் சுதா குனிந்து நான்கு டயரிலும் நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

"முன்னுக்கு நகம் இறங்குது. பின்னுக்குக் கல்லு மாதிரி இரிக்கி. ரப்பர் இறுகிப் போச்சு, ஈர ரோட்டுல பிடிக்காது."

நான் பள்ளத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ரப்பரைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

"அப்ப புதுசப் பின்னுக்கு மாத்தினா?"

"ஓம், நாளைக்கு மாத்துங்க. அதுக்கு மறுகா அந்த வளைவுல நான் ஓட்டிப் பாக்கணும்."

இந்தக் காரின் சாவியை நான் ஒருநாளும் அவளிடம் கொடுத்ததில்லை. அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் நித்திரை வரவில்லை.