குதிரையின் கழுத்தில் இறுகிய கயிறு

வடக்கு மேய்ன்
1884 பிப்ரவரி 11

அன்பு மகள் லுவெல்லாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் பெரிதாகச் சொல்லும்படி நோய் எதுவுமில்லாமல் இருக்கிறோம், ஆரிகனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு எப்படித் தெரியும். அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. நிலவறையில் வைத்த ஆப்பிளில் பாதி அழுகிவிட்டது. பக்கத்துப் பண்ணை மெஹிட்டபெல் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இறந்துபோனதை அம்மா எழுதியிருப்பாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அதனால்தான்.

போன செவ்வாய் மதியம் அவள் கணவர் எலிஹூ வேலியைத் தடவிக்கொண்டே நம் வீட்டுக்கு வந்தார். கண்ணில் புரை விழுந்து பார்வை போய் இருபது வருடம். கையில் என் நாவல். அட்டை பிரிந்திருந்தது. அதில் வரும் கொடூரமான பனிக்கட்டிக்காரன் அவர்தான் என்று ஊருக்குத் தெரியும். இத்தனை வருடமும் அவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் தப்பித்து வந்தேன். அவரோ ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு ஜாடி மேப்பிள் மரத்துப் பாகு கொடுத்தனுப்புவார். அதுவும் எனக்கு விளங்கியதில்லை. அடுப்பருகே உட்கார்ந்தார். “குளிர்காலமானா மெஹிட்டபெல் இதை வாசிச்சுக் காட்டுவா. இந்த வருஷம் அவ இல்ல. எழுதின ஆளே வாசிக்கட்டும்னு வந்துட்டேன். குதிரை தண்ணியில விழற இடத்துலேர்ந்து ஆரம்பிங்க” என்றார்.

அந்தப் பக்கம் உனக்குத் தெரியும். பாஸ்டனிலிருந்து நாம் இங்கே குடிவந்த மூன்றாம் வாரம், குளத்தில் பனிக்கட்டி அறுக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். பனி உடைந்து, கட்டிகளை இழுத்துக்கொண்டிருந்த எலிஹூவின் குதிரை உள்ளே விழுந்தது. எலிஹூ ஓடிப்போய் அதன் கழுத்திலிருந்த கயிற்றைப் பிடித்து இறுக்கினார். அதன் கண்கள் பிதுங்கின. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். பயந்த மனிதன் கையில் கிடைத்த கழுத்தை இறுக்குவான் என்று எழுதினேன். மனித மனத்தின் அடிவரை இறங்கிய வரி என்று பாஸ்டன் பத்திரிகைகள் எழுதின. நானும் நம்பினேன். பிறகு எழுதிய நான்கு நாவல்களும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன.

பக்கத்தைத் திறந்தேன். முதல் சொல்லையே இரண்டு முறை வாசித்தேன். அவர் சிரித்தார். “என்ன பட்டணத்துக்காரரே, சொந்தப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டணுமா?” பிறகு தானே சொல்ல ஆரம்பித்தார். “கழுத்தை இறுக்கினான். இறுக்கினாத்தான் மூச்சு உள்ளயே நிக்கும், மூச்சு உள்ள நின்னா உடம்பு மிதக்கும், மிதந்தா இழுத்துப் போட்டுடலாம். அழுதுகிட்டே இறுக்கினான். இதானே? பாருங்க, எனக்கு மனப்பாடம். அந்தக் குதிரை, ஜூனோ, அதுக்கப்புறம் பதினோரு வருஷம் உழுதா. வெளியூர்லேர்ந்து வந்து மூணு வாரத்துல இதைப் புரிஞ்சுக்கிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்னு மெஹிட்டபெல் சொல்லுவா.”

அதில் ஒரு சொல்கூட என் புத்தகத்தில் இல்லை, லுவெல்லா. அழுதுகிட்டே என்பதும் இல்லை.

அடுத்து, “பாலத்துல நின்னு நான் பேசறேனே, அதை வாசிங்க, அவ அந்த இடத்துல எப்பவும் கொஞ்சம் நிறுத்துவா” என்றார். என் நாவலில் பாலமே கிடையாது. தொண்டை கட்டிக்கொண்டது என்று இருமினேன். “தேன் குடிங்க, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வரேன்” என்று எழுந்து போனார். புத்தகத்தை விட்டுவிட்டுத்தான் போனார்.

அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த ரொட்டி மாவைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. “பனி மேல போற எல்லாக் குதிரைக்கும் அந்தக் கயிறு உண்டு. ஊருக்கே தெரியும்.” ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க என்னிக்கு யாரைக் கேட்டிருக்கீங்க? எழுதி அச்சடிச்சுட்டுத்தானே கொண்டுவந்து காட்டினீங்க.” கோபமாகச் சொன்னாளா, பாவம் பார்த்துச் சொன்னாளா, அதுவும் தெரியவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். மனித இயல்பைப் பற்றி என்னிடம் கேட்க இன்னமும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் நான் நேர்மையானவன், மெஹிட்டபெல் பொய்க்காரி. இருபது வருடம் அவர் கேட்ட குரலை, இறந்துபோன மனைவியை நினைத்துக்கொள்ள அவர் வைத்திருக்கும் அந்த ஒன்றை, நான் பிடுங்கியவன் ஆவேன். சொல்லாவிட்டால்? அவள் ஏன் அப்படி மாற்றி வாசித்தாள்? அவரைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா? அவர் பாகு கொடுத்தனுப்ப வேண்டும் என்றா? எழுதி எழுதி அடிக்கிறேன். ஒரு காரணமும் நிற்கவில்லை.

நேற்று ஞாயிறு. வந்தார். இருமினேன். உன் பதில் வர மூன்று வாரமாவது ஆகும், அதுவரை என் தொண்டை சரியாகப் போவதில்லை.

கடவுள் உங்கள் மூவரையும் குளிரிலும் காய்ச்சலிலும் காக்கட்டும். மாப்பிள்ளையின் தோட்டம் காய்க்கட்டும். குழந்தைக்குத் தாத்தாவின் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சிறுமியாக மெஹிட்டபெல் வீட்டுச் சமையலறையில் எத்தனை குளிர்கால மதியங்கள் நீ கழித்திருக்கிறாய், அவள் வாசித்ததை நீ கேட்டிருக்கிறாய். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். பாலத்தில் அவர் யாரிடம் பேசுகிறார், என்ன பேசுகிறார், அவள் எங்கே நிறுத்துவாள், நினைவிருக்கும்வரை அவள் சொற்களிலேயே அந்த நாவலை எனக்கு எழுதி அனுப்பு.

உன் அப்பா,
ஏசா விட்கம்