பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்

கண்ணு,

அம்மா எழுதறேன். உடம்புக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல, நீயும் அப்படியே இருக்கணும். படம் வெளியாகிற வரைக்கும் தூக்கமே இல்லன்னு சொன்னியே, இப்பவாவது நிம்மதியாத் தூங்கு, கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்திருக்குன்னு பேப்பர்ல வந்த உன் போட்டோவைப் பார்த்து அப்பாதான் சொன்னார்.

உன் படத்தைப் பார்த்துட்டோம். இங்க காலைக் காட்சி மட்டும்தான் போட்டான். தெலுங்கு எங்களுக்குச் சுட்டுப் போட்டாலும் வராதே, அதனால தெலுங்கு தெரிஞ்ச பக்கத்து வீட்டு நர்ஸைக் கூட்டிட்டுப் போனோம், அவ நடுவுல உட்கார்ந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அர்த்தம் சொன்னா. டிக்கெட் கிழிக்கிறவர்கிட்டக்கூட இது என் பொண்ணு எடுத்த படம்னு சொல்லிட்டார் உங்கப்பா, பெருமை பிடிபடல. படத்துல வேலைக்குப் போயே தீருவேன்னு அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறதும், அந்தப் பையன் அவ பின்னாடி அசடு வழியறதும் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. அப்புறம்தான் அந்தப் பொண்ணோட அப்பா வந்தார். அவளை இண்டர்வியூவுக்குக் கூட்டிட்டுக் கிளம்பற அன்னைக்கு வீட்டைப் பூட்டறார், தெருமுனை வரைக்கும் போறார், திரும்பி வந்து பூட்டைப் பிடிச்சு இழுக்கிறார், மறுபடி போறார், மறுபடி வர்றார், ரயில் போயிடுது. தியேட்டரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டுப் பூட்டுகிட்டக் குனியறது வரைக்கும் அச்சு அசலா நம்ம அப்பாதான். நானும் சிரிச்சேன், காலமெல்லாம் அந்தப் பூட்டால என் உயிரை வாங்கின மனுஷனாச்சே. நர்ஸும் சிரிச்சா, அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்துட்டு அர்த்தம் சொல்றதையே நிறுத்திட்டா. வெளியில வந்ததும், நல்லா எடுத்திருக்கா, எல்லாரும் சிரிச்சாங்க இல்லையான்னு மட்டும் சொன்னார்.

அன்னையிலேர்ந்து அவர் பூட்டை இழுத்துப் பார்க்கிறதில்ல கண்ணு. பூட்டறார், சாவியை என் கையில குடுத்துட்டு விறுவிறுன்னு நடக்கிறார். பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப கை மட்டும் சும்மா சட்டைப் பையைத் தடவுது. நேத்து நான்தான் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துட்டு வந்தேன். பூட்டை இழுக்கிறது அவர் வேலை பார்த்த குடோன்ல ஒட்டிக்கிட்ட பயம். அவருக்கு முன்னாடி சாவி வச்சிருந்தவருக்கு ஒரு நாள் பூட்டு சரியா விழாததால வேலை போச்சு, அந்த வேலைதான் உன்னைப் படிக்க வச்சுது. இன்னொண்ணும் சொல்றேன். நீ சினிமாவுக்குப் போறேன்னு கிளம்பின அன்னைக்கு, உனக்கு ரயில் தவறிடக் கூடாதேன்னு, வீட்டைப் பூட்டாமலே உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார். நீ கவனிச்சிருக்க மாட்ட. நாங்க திரும்பி வந்தப்ப கதவு ஆன்னு திறந்து கிடந்துச்சு.

உன்மேல எனக்குக் கோபம் இல்ல, ஆசையாத்தான் அப்பாவைப் படத்துல வச்சிருப்ப. போன்ல எதுவும் கேட்காத, ஒண்ணுமில்லம்மான்னு சொல்லி வச்சிடுவார். ஒரு நடை வந்துட்டுப் போ. எங்களை எங்கயாவது வெளியில கூட்டிட்டுப் போ. அவர் பூட்டிட்டுச் சாவியை என்கிட்ட நீட்டறப்ப, ஒரு தடவை இழுத்துப் பாருங்கப்பான்னு நீ சொல்லணும், எவ்வளவு நேரமானாலும் நாம வாசல்ல நிக்கலாம்.

நீ எடுக்கிற படமெல்லாம் ஓடட்டும், நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு. வர்றப்ப ராத்திரி ரயில்ல தனியா வராத.

உன் அம்மா