ஆறு பேருக்குப் போட்ட இலை

மாசி 8, வியாழன்

காலையில் பனி. சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை, பனியன் கம்பெனியில் எங்கள் செக்கிங் மேசை காலி. மதியமே வீடு.

இவர் சொல்கிறார்: ஞாயிறு நம் கல்யாண நாள், இருபத்தைந்து வருஷம், தூத்துக்குடி போய்ச் சாப்பிடலாம். துறைமுகத்தை ஒட்டி மீன் ஹோட்டலாம். மழை விட்டுத் தையில் திறந்தால், மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் மூடிவிடுவார்களாம்.

ஊட்டிக்குக் கூட்டிப் போகவே நேரமில்லாத மனிதர். ஒரு வேளைச் சோற்றுக்கு ஆறு மணி நேரம் கார் ஓட்டுவாராம். சும்மா ஆடாது குடுமி.

மாசி 9, வெள்ளி

நம்ப முடியாதவை: கடைக்குப் போய்ச் சட்டை எடுத்திருக்கிறார். போன் வந்தால் மொட்டை மாடி. மீன் முள்ளுக்குப் பயந்த ஆளுக்கு மீன் ஹோட்டல்.

காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன். காதில் விழுந்தது: "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நேர்ல பாத்தா எல்லாஞ் சரியாயிருமுங்க."

யாரை நேரில் பார்த்தால்? இந்த வயதில் இவருக்கு இன்னொருத்தியா? எழுதவே வெட்கம்.

மகள் நிவேதாவிடம் கேட்டேன். "அப்பா ஆசையாக் கூப்புடறாரு, வாம்மா." என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளும் கூட்டு.

தலைவலி. சுக்குக் காபி.

மாசி 11, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். அவிநாசிபாளையத்தில் டீ. மகள் நி.க்குப் புதுச் சுடிதார், பின்கழுத்தில் தையல் விட்டிருந்தது. கோபத்தில் சொல்லவில்லை.

ஹோட்டல் கீற்றுக் கொட்டகைதான். எதிரே கப்பல். நாங்கள் மூன்று பேர், மேசையில் ஆறு இலை.

மூன்று பேர் வந்தார்கள். நி. ஆபீசில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசராம் பையன், பெயர் அருண், இந்த ஊர்க்காரன். கூட அவன் அப்பா, அம்மா. வேறு ஊர், வேறு சனம்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"சும்மா சாப்பாடுதான் சாந்தி. வந்த எடத்துல ஒண்ணும் பேசாத."

சும்மாவா? சம்பந்தம் பிடிக்காத இடத்தில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சம்மதம். வீட்டில் கேட்டால் மறுப்பேன் என்று, பசியோடு இலை முன்னால் உட்கார வைத்திருக்கிறார். என் மகள் கல்யாணத்தை என்னை ஏமாற்றித்தான் முடிக்க வேண்டுமா?

சோறு, நண்டுக் குழம்பு, வஞ்சிரம் வறுவல் (இங்கே சீலா என்கிறார்கள்). ஆண்கள் மூவரும் கப்பலைப் பற்றிப் பேசியபடி தின்றார்கள். நி. சோற்றைப் பிசைந்துகொண்டே என் கையைப் பார்த்தாள். கை மடியில்.

எதிரே அந்த அம்மாளின் கையும் மடியில்தான்.

மெல்லக் கேட்டார். "ஒங்களுக்கும் சொல்லாமத்தான் கூட்டியாந்தாவளா?"

"ஆமாங்க. கல்யாண நாளுன்னாருங்க."

"எங்கிட்ட மவனோட மேனேஜர் குடும்பம்னு சொன்னாவ."

அத்தனை கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

"ஒங்களுக்கு மனசில்லன்னா சொல்லுங்க. நானும் கை நனைக்கல. சேந்தே எந்திரிச்சிருவோம்."

என் புருஷனும் மகளும் கேட்காததை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார். அழுகை முட்டியது. நி. வாயில் போட்ட சோற்றை விழுங்காமல் இருந்தாள்.

"சாப்பிடலாமுங்க" என்றேன். இருவரும் ஒன்றாகக் கை வைத்தோம். மீன் ஆறியிருந்தது. நல்ல ருசி.

மாசி 12, திங்கள்

வெயில். துணி வந்தாயிற்று, மூன்று மேசையும் ஓடுகிறது. இவரோடு பேச்சு இல்லை. "கோவமா சாந்தி?" என்று நாலு தரம் கேட்டாயிற்று. கேட்கட்டும்.

ஆபீஸ் கிளம்பும்போது நி. வாசலில் நின்றாள். "அம்மா, உனக்கு அருணைப் புடிச்சிருக்கா?"

இப்போதுதான் கேட்கிறாள்.

"அவங்கம்மாவைப் புடிச்சிருக்கு. பையனை இனிமேத்தான் பாக்கோணும்."