சப்போர்ட்டை எடுக்க மாட்டேன்

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று என் வீட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "நீங்க குடுக்குற சப்போர்ட்லதான் மாமா, உங்க மக புருஷன் வேணாம்னு ஆடுறா. அதை எடுங்க, தானா அவன் வீட்டுக்குப் போயிடுவா." உன் அக்காள் கண்ணாலேயே என் வாயை அடைத்துவிட்டாள். அதனால் பதிலை இன்று எழுதச் சொல்கிறேன்.

சென்டரிங் வேலை செய்தவனுக்கு சப்போர்ட் என்றால் ஈரக் கான்கிரீட்டுக்கு அடியில் நிறுத்துகிற முட்டுக் கம்பு. அதை உருவினால் தளம் எழுந்து நடந்து வேறு வீட்டுக்குப் போகாது. இடிந்துதான் விழும்.

உன் வீட்டுத் தளம் போட்டபோதும் உனக்கு இதே அவசரம்தான். "குடி போகணும், கம்பை எடுங்க மாமா" என்று குதித்தாய். இறுகாமல் தொட விடமாட்டேன் என்று வாசலில் படுத்துக்கொண்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. அந்தத் தளத்தின் கீழேதான் இன்றைக்கும் குறட்டை விடுகிறாய்.

என் மகளும் இறுகட்டும். அதுவரை நீ பேசாமல் இருந்தாலும் சரி, ஊரே பேசினாலும் சரி, நான் நகர மாட்டேன்.

இதை எழுதுவது அவள்தான். அவன் முறித்த கை இப்போதுதான் கூடி, பேனா பிடிக்கிறாள். வழுக்கி விழுந்தாள் என்று அவன் உன்னிடம் சொன்னானே, அதே கை. எழுத்து கோணலாக இருக்கும், நிதானமாகப் படி.

"அந்த வரி வேணாம்ப்பா" என்கிறாள்.

"எழுதும்மா, உன் மாமாவும் தெரிஞ்சுக்கட்டும்" என்றேன். எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்