பெற்றோல் கணக்கும் ஒரு மூடையும்

நிந்தவூர்
ஞாயிறு, அஸர் தொழுதுவிட்டு

கத்தாரின் வெயிலையே வியர்க்க வைக்கும் வீரனும், சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரேயொரு நிந்தவூர்க்காரனும், என் கூடப்பிறந்த ராத்தாவின் மூத்த மகனுமாகிய பஸாலுக்கு, உன் மோட்டார் சைக்கிளின் பிரதம காவலன் மாமா இப்றாஹிம் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

வட்ஸ்அப்பில் போன் சூடாகும்வரை கதைக்கிற மாமா ஏன் தாளும் பேனையுமாகக் கிளம்பினார் என்று நெற்றியைச் சுருக்குவாய். உன் உம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறா. அவவைப் பற்றி உனக்கு ஒரு சொல்லும் போகக் கூடாதாம். உன் தங்கச்சி நப்லாவின் கலியாணத்துக்குக் கட்டுகிற வீட்டுக்குக் கூரை ஏறும்வரை கூடாதாம். வல்லாஹி என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையே கைக்கு வந்தது. நான் போனை எடுத்தால் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு என் வாயையே பார்க்கிறா. ஆகவே இந்தக் கடிதத்தில் உன் உம்மாவைப் பற்றி எதுவுமே இல்லை. இது முழுக்க முழுக்க உன் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. உன்னோடு வேலை செய்கிற ஆலையடிவேம்புப் பொடியன் நிதர்சன் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறான். அவன் கையில் தந்துவிடுகிறேன். மாசிச் சம்பல் போத்தலை உன் உம்மா தருவா, கடிதத்தை நான் தருவேன். இரண்டும் ஒரே பையில் வந்தாலும் ஒன்றுக்கொன்று தெரியாது.

விசயத்துக்கு வருகிறேன். அடுத்த லீவுக்குக் கூட்டாளிமாரோடு ஒலுவில் துறைமுகத்தடியில் தொடங்கி, வயல் வட்டைக்குள்ளால் புகுந்து, காட்டோரமாகப் பாணமை மட்டும் ட்ரெயில் போகப்போவதாகச் சொன்னாய். பைக் லீட்டருக்கு எவ்வளவு ஓடும், ஒரு டாங்கி எங்கே கொண்டுபோய் விடும், பிளாஸ்டிக் கானில் பெற்றோல் காவிக்கொண்டு போக வேணுமா என்று கேட்டாய். நான் லீட்டருக்கு நாற்பது என்றேன். டாங்கியை நிரப்பினால் மக்காவுக்குப் போய் உம்றா முடித்து, திரும்பி வந்து மிச்சப் பெற்றோலை ஊருக்குச் சதகா கொடுக்கலாம் என்றும் சொன்னேன். நீ சிரித்துவிட்டு, அப்ப இருபது என்றாய்.

மாமா சொல்வதைப் பாதியாக்கிக் கேட்பது உங்கள் வீட்டுச் சட்டம். உன் வாப்பா, அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும், போட்டுவிட்டுப் போனது. நான் ஆற்றில் முதலையைக் கண்டேன் என்றால் அவர் உடும்பு என்பார். உண்மையில் அது ஓணானாக இருக்கும், அது வேறு கதை.

நாற்பது பொய்யில்லை மனே. தார் போட்ட காப்பட் ரோட்டில், ஒற்றை ஆள், காற்று முதுகில், கையை முறுக்காமல் அக்கரைப்பற்றுக்குப் போய்வந்தால் நாற்பதைத் தொடும். ஆனால் நீ கேட்டது ட்ரெயில் ஓட்டத்தை. அதை ஓடிப்பார்த்தவன் என்ற முறையில் இப்போது சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பரீட்சை நடந்தது. மழை விட்டு விட்டு ஒரு கிழமையாகக் கொட்டி, காரைதீவுக்கு மேற்கே ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. பஸ் நின்றுவிட்டது. ஓட்டோக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கென்று ஒரு மூடையை அம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நெல் மூடை என்று வைத்துக்கொள். நெல் மூடைக்கு இதயக் கிளினிக்கில் என்ன வேலை என்று கேட்காதே. முதல் தந்த கிளினிக் திகதியை மூடை வேணுமென்றே தவறவிட்டிருந்தது. இதையும் விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மூடை கறுப்பு அபாயா போட்டிருந்தது. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடிக்குள் வைத்திருந்தது. பின் சீட்டில் ஏறும்போதே, எனக்கு ஓடத் தெரியாது, சின்ன வயதில் சைக்கிளிலேயே தன்னை வாய்க்காலுக்குள் போட்டவன் என்று ஏசத் தொடங்கியது. இதற்கு மேல் அடையாளம் சொன்னால் சத்தியம் முறிந்துவிடும்.

ரோட்டால் வழியில்லை என்பதால் வட்டைக்குள் இறங்கி, வாய்க்கால் கட்டோடு இறக்காமம் பக்கமாக ஏறுவதென்று முடிவெடுத்தேன். டாங்கியை ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரிச் சத்தம் கேட்டது. இறக்காமத்தில் பெற்றோல் அடிக்கிற செட்டுக்குப் போய்ச்சேர அது காணும், காணாவிட்டால் றிசேவ் இருக்கிறது என்று நினைத்தேன். என் கணக்கு அந்த நாற்பதில் நின்றது. மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பிவிட்டேன்.

ட்ரெயில் ஓட்டத்தில் பெற்றோல் எங்கே போகிறது என்று கேள். சேற்றில் பின் சில்லு சும்மா சுற்றும், பைக் நகராது, பெற்றோல் மட்டும் நகரும். முதலாம் கியர், இரண்டாம் கியர், அதற்கு மேல் போக முடியாது. கட்டு உடைந்த இடத்தில் இறங்கி ஏற வேண்டும், ஏறுவதற்கு முழுக் கை முறுக்க வேண்டும். எதிர்க்காற்று. பின்னால் பாரம். மூடை பாரமில்லை, பஸால். முன்பு பாரமாக இருந்தது. இப்போது ஏறினால் ஸ்பிரிங் அமர்கிறதே இல்லை. அது வேறு விசயம், விடு.

வீடுகள் முடிந்து, வயலும் முடிந்து, பற்றைக்காடு தொடங்குகிற இடத்தில் பைக் இருமியது. நான் பதறவில்லை. மகாராசா மாதிரி இடது கையைக் கீழே விட்டேன். டாங்கிக்கு அடியில் அந்தச் சின்னத் திருகி உனக்குத் தெரியும்தானே. நேரே இருந்தால் சாதாரண ஓட்டம், பெற்றோல் முடிந்து இருமினால் றிசேவுக்குத் திருப்ப வேண்டும், அடியில் கிடக்கிற மிச்சம் வரும். கை வைத்தேன். திருகி ஏற்கனவே றிசேவில்தான் இருந்தது.

பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்துப் பழக்கம். பெற்றோல் செட்டு வாசலிலேயே படுத்தெழும்பிய அந்த நாட்களில் நம்முடைய ஊரில் எல்லாப் பைக்கும் றிசேவில்தான் ஓடியது. பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஒருவரும் திருகியை நேரே திருப்பவில்லை. கல்முனை மார்க்கட்டடியில் குனிந்து பார், பாதிப் பைக்குக்கு மேல் இன்றைக்கும் றிசேவில்தான் நிற்கும். முடிந்தால் எச்சரிக்கிற சாமானை, முடிவதற்கு முன்பே முடித்து வைத்திருக்கிறோம். வண்டி நல்லாத்தான் ஓடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு யானை நின்றது. தனியன். நிந்தவூர்ப் பள்ளிவாசல் மினாராவைக் கழற்றி நாலு காலில் நிறுத்தியது மாதிரி. புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் வாய்க்கால் மட்டும்தான். அந்த வாய்க்காலை அது ஒரு எட்டில் தாண்டும். காற்று எங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் போனது. மூடை காதோடு ஒரு துஆவை ஓதத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, பெற்றோல் அடிக்காமல் வந்தியா என்று என்னைக் கேட்டது. நான் மூடியைத் திறந்து டாங்கிக்குள் கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த டாங்கி நடுவில் முதுகெலும்பு மாதிரி மேடாகி இரண்டு பக்கமும் தொங்குகிற சாமான். திருகி இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கத் தொங்கலில் கொஞ்சப் பெற்றோல் ஏறி வர முடியாமல் கிடக்கும். பைக்கை இடப்பக்கம் நன்றாகச் சரித்தால் அது மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விழும். நீ ட்ரெயில் போகிற நாளில் எதை மறந்தாலும் இதை மறக்காதே.

சரித்தேன். சேறு வழுக்கிப் பைக் முழுதாகப் படுத்துவிட்டது. உள்ளே களக் களக்கென்று பெற்றோல் மாறுகிற சத்தம் கேட்டது. யானையும் கேட்டிருக்க வேண்டும், தின்பதை நிறுத்திக் காதை விரித்தது. நான் பைக்கைத் தூக்கினேன், எழும்பவில்லை. இன்னொரு தடவை தூக்கினேன், கால் வழுக்கியது. ஒற்றைக் கையால் மாட்டுவண்டி தூக்கியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். மூடை அபாயாவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பின்பக்கம் பிடித்தது. வேணாம் என்றேன். கையை எடு என்றேன். கேட்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி நிமிர்த்தினோம்.

நிமிர்த்திவிட்டு மூடை வாய்க்கால் கட்டிலேயே குந்திவிட்டது.

இந்த இடத்தில் எதையும் கூட்டி எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன். நெஞ்சில் கை வைத்திருந்தா. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. மூச்சு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். நான் யானையைப் பார்க்கவில்லை பஸால், அந்த யானை வந்து என் சட்டைப் பையைத் துழாவியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன்.

"நப்லாட ஊட்டுக்குக் கல் வெச்ச நாள்லரிந்து, தம்பி. நானும் றிசேவுக்குத் திருப்பிட்டுத்தான் ஓடிட்டு இரிக்கன். ஒனக்கும் தெரியல்ல, அவனுக்கும் தெரியல்ல. நல்லாத்தானே ஓடுது."

கிக்கரை உதைத்தேன். பிடிக்கவில்லை. யானை ஒரு காலை வாய்க்காலுக்குள் வைத்தது. திரும்ப உதைத்தேன். பிடித்தது. பின் சீட்டில் ஏற்றி, என் இடுப்பில் கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, கியரை ஏற்றி, கையை முறுக்காமல் பைக்கை நடக்கவிட்டேன். வேகமாகப் போனால் பெற்றோல் காணாது, மெதுவாகப் போனால் யானை காணும். ஒரு தேத்தண்ணிக் கோப்பை பெற்றோலில் இறக்காமத்துச் செட்டு மட்டும் வந்தோம். வழிநெடுக என் முதுகில் ஒரு நெஞ்சு அடிப்பது கேட்டது. நாலு அடித்து ஒன்றை விட்டுவிட்டு அடித்தது. விடுகிற ஒவ்வொரு தடவையும் நானும் ஒரு மூச்சை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

செட்டில் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லீட்டருக்கு இருபதும் இல்லை. உன் வாப்பாவின் சட்டம்கூட அன்றைக்குத் தோற்றது. ஆகவே உன் கேள்விக்குப் பதில்: ட்ரெயிலில் நாற்பதை நம்பாதே, கானில் பெற்றோல் காவு, புறப்படும் முன்பு குனிந்து திருகியைப் பார்.

கிளினிக்கில் டொக்டர் மூடையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள் ஒரு கதவு ஒழுங்காக மூடுவதில்லை, கண்டிக்கு அனுப்பி வெட்டிச் சரிசெய்ய வேணும், பிந்தக் கூடாது, பிள்ளை ஒருவர் கூட வர வேணும் என்றார். மூடை அவரிடம், மகன் வெளிநாட்டில, அவன் வந்தாப்பிறகு பாப்பம் என்றது. வெளியே வந்து என்னிடம், மகன் இப்ப வரக் கூடாது என்றது. நீ வராமல் கண்டிக்குப் போகாதாம். கூரை ஏறாமல் நீ வரக் கூடாதாம். நானும் உன் மாமியும் கூடப் போகிறோம் என்று கெஞ்சியாகிவிட்டது. என்னைப் பார்த்து, நீ சின்னப் புள்ளையில இரிந்தே என்னத் தள்ளி உழுத்தினவன் என்று வாயை அடைத்துவிட்டது.

நீ மாதக் கடைசியில் அங்கே வேலையை நீட்டி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போவதாகக் கேள்வி. நப்லாவின் வீட்டுச் சுவர் பீம் மட்டத்துக்கு எழும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அது கூரையில்லாமல் ஒரு மாரி மழையை நனைந்து தாங்கும். சீமெந்துக்கு ஒன்றும் ஆகாது. உம்மாவுக்கு மருந்து பார்க்காமல் கட்டுகிற வீட்டில் தனக்குக் கலியாணம் வேணாம் என்று நப்லாவே சொல்கிறாள். அவள் சத்தியம் ஏதும் செய்யவில்லை, போன் எடுத்துக் கேள்.

பைக் உன் வீட்டு முன் விறாந்தையில் நிற்கிறது. கழுவியிருக்கிறேன். டாங்கி நிறையப் பெற்றோல். திருகியை நேரே திருப்பி வைத்திருக்கிறேன், ஒருவரையும் தொட விடுவதில்லை. கட்டுநாயக்கா எயார்போட்டில் நீ இறங்கும்போது நான் அதிலேயே வந்து நிற்பேன்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தையும் உங்கள் சட்டப்படி பாதியாக்கித்தான் வாசிப்பாய். ஆக்கு. சேற்றைப் பாதியாக்கு. யானையைப் பாதியாக்கு, எருமையாக்கினாலும் எனக்குக் கோபமில்லை. வாய்க்கால் கட்டில் கேட்ட அந்த மூச்சை மட்டும் பாதியாக்காதே, மகன். அதை நான் முதலே பாதியாக்கித்தான் எழுதியிருக்கிறேன்.

உன் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி, உன்னை வேளையோடு வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

உன் மாமா
இப்றாஹிம்